பட்டம் விடுபவர்களின் ‘டீல்’ ஆங்கில டீல் இல்லை

காத்தாடி விடும்போது சொல்கிற ‘டீல்’, ‘டீல்ல விட்டுட்டான்’ இரண்டும் பேரம் பேசும் ஆங்கில டீலில் இருந்து வந்தவை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதையே பகிர்கிறார்கள். ஒலி ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இது உருது, இந்தியில் உள்ள ‘டீல்’. தளர்வு, தொய்வு என்று பொருள். அங்கே முதல் எழுத்தை மூச்சு கலந்து அழுத்திச் சொல்வார்கள், தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘டீ’ என்பதால் வேறுபாடு மறைந்துவிட்டது.

மாடியில் நின்று பார்த்தாலே புரியும். இரண்டு நூல் பின்னிக்கொண்டதும் கையை இறுக்காமல், லொட்டாயில் (நூல் சுற்றி வைக்கும் உருளையில்) இருந்து நூலை மளமளவென்று விட்டுக்கொண்டே போவோமே, அந்தத் தளர்த்தலுக்குத்தான் பெயர் டீல். வடக்கே பட்டம் விடுபவர்களும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நூல் அறுந்த பட்டம் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு ‘டீல்ல விட்டுட்டான்’ என்பதை விளக்கவே வேண்டாம்.

சரிபார்க்க வேண்டுமா? வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டில் உருது பேசும் நண்பர் ஒருவராவது நமக்கு இருப்பார், அவரிடம் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேளுங்கள். அப்புறம், 1884இல் வந்த பிளாட்ஸ் உருது அகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதிலும் தேடிப் பார்க்கலாம். ‘வியாபார டீல் முடிஞ்சது’ என்கிறோமே, அது மட்டும் ஆங்கிலம்தான்.