விலை கேட்க முதல், வந்த வழியைக் கேளுங்கள்

பழைய பொருள் விற்கிற ஒரு பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை இரவு நடந்த லைவ் ஏலத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் "வயிற்றெரிச்சல் பிடித்த சிலர்" என்று ஒரு பதிவு போட்டு, அதற்கு நம்மட மட்டக்களப்பு ஆக்களே வரிசையாக இதயம் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. பெயர் சொல்லமாட்டேன். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு முழு ஏட்டுக் கட்டு. மேலும் கீழும் வைக்கிற சட்டப் பலகை, துளைக்குள்ளால் போகும் கயிறு, எல்லாம் இருந்த கட்டு. அதைக் கமராவுக்கு முன்னால் அவிழ்த்து, ஒற்றை ஒற்றையாக உருவி, "ஒல்லாந்தர் காலத்து 500 வருசப் பழைய ஓலை, பிரேம் போட்டு ஹோலில் மாட்டினால் சும்மா அள்ளும், தொடக்க விலை 1,500" என்று கூவிக் கூவி விற்றார்கள். கொமன்டில் 2,000, 2,500 என்று ஏறியது. ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். ஓலை ஒரு பக்கம் போனது, அதற்கு அடுத்த ஓலை இன்னொரு பக்கம் போனது.

அந்தக் கட்டு எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் கொடுத்தது, எப்போது வாங்கியது என்று அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டேன். கொமன்டை அழித்தார்கள். மரியாதையாகத் திரும்பக் கேட்டேன். புளொக் பண்ணிவிட்டார்கள். இன்னொரு தம்பியின் போனை வாங்கித்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பழைய பொருளை ஏலத்துக்கு வைக்கிறவன் அது வந்த வழியைச் சொல்லவேண்டும், கேட்கிறவன் விலையைக் கேட்க முதல் அந்த வழியைக் கேட்கவேண்டும். அது தெரியாத பொருளுக்கு ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கேட்கக்கூடாது.

முதலில் அந்த 500 வருசக் கதை. ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1638இல். இன்னும் 400 வருசமே ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த சரித்திரம் இது. அதோடு, நம்மட ஈரக் காற்றுக்கும் பூச்சிக்கும் ஓலை நின்று பிடிப்பது கஷ்டம் என்பதால்தான் தலைமுறைக்குத் தலைமுறை பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுதிவைத்தார்கள். அந்தக் கட்டு நூறு, நூற்றைம்பது வருசத்துக்குள் எழுதினதாகவும் இருக்கலாம். இருந்தால் என்ன, அதற்காக மதிப்புக் குறைந்துவிடுமா? மதிப்பு உள்ளே எழுதியிருப்பதில் இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை விற்றவரும் பார்க்கவில்லை, வாங்கினவர்களும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். இடப்பக்க ஓரத்தில் ௪௰௨ என்று தமிழ் இலக்கம், அதாவது 42ஆம் ஓலை. எழுத்துக்குப் புள்ளி இல்லை, பழைய எழுத்து அப்படித்தான் இருக்கும். கரி தடவின இடத்தில் மட்டும் வாசிக்கலாம். சுக்கு, திப்பிலி, இந்துப்பு என்று சரக்குகளின் பெயர் போகிறது. கடைசி வரியில் ஒரு சரக்கின் பெயரோடு ஓலை முடிகிறது. எவ்வளவு என்ற நிறை அடுத்த ஓலையில், 43இல் இருக்கவேண்டும். 42 போனது கொழும்பில் இருக்கிற ஒருவருக்கு. 43ஐ வாங்கினவர் "கூரியரில் கனடாவுக்கு அனுப்புவீங்களா" என்று கேட்டார், "ஓம் அண்ணா, பிரச்சினை இல்ல" என்று பதில் வந்தது. ஒரு மருந்தின் சரக்கு கொழும்பிலும் அதன் நிறை கனடாவிலும் சுவரில் தொங்கப் போகிறது. இனி அந்த மருந்தை யாராலும் கூட்ட முடியாது.

"அவர் காசு கொடுத்து வாங்கின பொருள், அவர் வெட்டுவார், எரிப்பார், உங்களுக்கென்ன" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். விற்றவர் அதை யாரிடம் வாங்கினார், அண்ணன்? அதைத்தானே நானும் கேட்கிறேன். வாங்கினதாக அவர் சொன்னதைக்கூட நான் கேட்கவில்லை.

ஏலம் நமக்குப் புதிதா? கோயில் திருவிழா முடிந்தால் ஏலம் நடக்கிறது. பள்ளிவாசலிலும் நடக்கிறது. சேர்ச்சில் அறுவடை விழாவுக்கு நடக்கிறது. ஒரு பூசணிக்காயை ஆயிரக் கணக்கில் ஏற்றி எடுத்த ஆக்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பூசணிக்காய் யாருடைய வளவில் காய்த்தது, யார் நேர்ந்து கொண்டுவந்து வைத்தது என்று அங்கே நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் சொல்லித்தான் கூவத் தொடங்குவார்கள். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரும் நிற்பார், ஊரும் நிற்கும், காசு எங்கே போகிறது என்பதும் தெரியும். ஒரு பூசணிக்காய்க்கு இருக்கிற மரியாதை ஒரு ஏட்டுக் கட்டுக்கு இல்லையா?

அடுத்தது, எல்லோரும் சொல்கிற கதை. "வீட்டில் கிடந்தால் கறையான் தின்னும், இப்படியாவது நாலு பேர் பத்திரமாக வைப்பார்கள்." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கமாட்டேன். பழைய பொருள் சேர்க்கிற ஆக்கள் இல்லாவிட்டால் எத்தனையோ சாமான் பழைய இரும்போடு நிறுத்துப் போயிருக்கும். நாணயம், முத்திரை, பழைய போட்டோ என்று சொந்தக் காசைக் கொட்டிச் சேர்த்து, எழுதிவைத்து, கேட்டால் காட்டுகிற நல்ல மனிதர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களை நான் சொல்லவே இல்லை. ஆனால் கறையானிடமிருந்து காப்பாற்றுகிறவன் கட்டைப் பிரிப்பானா? கறையான்கூடக் கட்டை அவிழ்க்காது. கட்டைப் பிரிக்காமல் மொத்தமாக விற்றிருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்கமாட்டேன். சரி, எழுதியிருப்பேன், ஆனால் இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்கமாட்டேன்.

"லண்டனில் செய்தால் ஏலம், மட்டக்களப்பில் செய்தால் களவா" என்று கேட்டவருக்கும் ஒரு பதில். லண்டனிலும் ஹொங்கொங்கிலும் செய்கிறவர்களை நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. ஆனால் அங்கே பெரிய ஏல நிறுவனம் ஒன்று ஏலப் பட்டியல் அச்சடிக்கும்போது, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தெரிந்ததைப் போடுகிறது. அப்படிப் போட்டும் விடமாட்டார்கள். 2025 மே மாதம் பிப்ரவா மணிகளை ஹொங்கொங்கில் சொதபீஸ் என்ற ஏல நிறுவனம் ஏலத்துக்கு வைத்தது. புத்தரின் எலும்போடு புதைத்திருந்த மணிகள், 1898இல் இந்தியாவின் பிப்ரவாவில் வில்லியம் பெப்பே என்ற ஆங்கிலேயர் தோண்டியெடுத்தவை, அவருடைய குடும்பத்திடமே இருந்தவை. வந்த வழி அவ்வளவு தெளிவு. அப்படியிருந்தும் இந்தியா எதிர்த்தது, ஏலம் நின்றது, ஜூலையில் மணிகள் இந்தியாவுக்குத் திரும்பின. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொள்ளையடித்துப் போன பீரங்கி 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்ததே, அதுவும் எப்படி? அதை வைத்திருந்த அங்கத்தைய அருங்காட்சியகம் பொருள் வந்த வழியை ஆராய்ந்து, கொள்ளையில் வந்தது என்று எழுதிவைத்ததால்தான். கொள்ளையடித்த நாடே கணக்குப் பார்க்கிறது. பறிகொடுத்த நாம் கணக்குக் கேட்டால் வயிற்றெரிச்சல்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

எங்கள் அம்மம்மா வீடு வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில். அம்மப்பா பரிகாரியார். பாம்புக்கடி, எலும்பு முறிவு என்று இரவிலும் சனம் வண்டில் கட்டி வரும். அவருடைய ஏட்டுக் கட்டுகள், அம்மம்மாவின் சீதன வட்டா, குத்துவிளக்கு, செம்புக் குடம் எல்லாம் ஒரு பெட்டகத்துக்குள் இருந்தன. அந்த வட்டா ஊர்ச் சொத்துப் போல, எந்தக் கலியாணத்துக்கும் வெற்றிலை வைக்க இரவல் போகும். மாறிப்போகாமல் இருக்க அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக அம்மம்மாவின் தகப்பனாருடைய பெயரைக் குத்தியிருந்தது. சின்ன வயதில் அதை விரலால் தடவித்தான் நான் எழுத்துப் பழகினேன் என்று அம்மா சொல்வா.

2007இல் யுத்தத்தின் செல்லடியில் ஆற்றைக் கடந்து ஓடிவந்தபோது அடையாள அட்டையும் இரண்டு உடுப்பும்தான் கையில் இருந்தது. திரும்பிப் போனபோது கதவு இல்லை, நிலை இல்லை, கூரை ஓடு பாதி இல்லை. பெட்டகம் இருந்தது, மூடி உடைந்து, உள்ளே எலிப் புழுக்கையோடு. யார் எடுத்தது என்று தெரியாது. எங்கள் வீடு மட்டுமில்லை, அந்தப் பக்கத்துச் சனத்தைக் கேட்டுப் பாருங்கள், வீட்டுக்கு வீடு இதே கதைதான். அதற்குப் பிறகு அம்மம்மா எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், வெற்றிலை எடுக்கிற சாட்டில் வட்டாவைக் கொஞ்சம் சரித்து அடியைப் பார்ப்பா. ஒன்றும் சொல்லமாட்டா. பார்த்துவிட்டு வைத்துவிடுவா. சாகும்வரை பார்த்தா.

ஞாயிற்றுக்கிழமை அதே லைவில் ஒரு வட்டாவும் வந்தது. அதைத் திருப்பிக் காட்டி, "அடியில பேர் கீர் எல்லாம் கிடந்தது, தேய்ச்சு எடுத்திட்டம், இப்ப சுத்தமான பீஸ்" என்றார் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அது எங்கள் வட்டா என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கட்டு அம்மப்பாவின் கட்டு என்றும் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். ஆனால் இல்லை என்று யார் சொல்வது? பெயரைத் தேய்த்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தானே தேய்ப்பது. கொஞ்சமாவது விசயம் தெரிந்த சேகரிப்பாளரைக் கேட்டுப் பாருங்கள். பழைய பித்தளையையும் செப்புக் காசையும் போட்டுத் தேய்த்தால் அதன் விலையே விழும், காலம் ஏற்றின நிறத்தைத்தான் விவரம் தெரிந்தவர்கள் காசு கொடுத்து வாங்குவார்கள். அப்போது வியாபாரத்துக்கும் நட்டம், உடையவனுக்கும் நட்டம். பெயர் இல்லாத வட்டாவால் யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசியுங்கள்.

வறுமையில் விற்றவர்களை நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். சுனாமிக்குப் பிறகு, யுத்தத்துக்குப் பிறகு, பால்மாவுக்குக் காசில்லாமல் குத்துவிளக்கை விற்ற தாய்மார் எத்தனை பேர். அலுமினியச் சட்டிக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் செம்புக் குடத்தை மாற்றிக்கொண்டு போன சைக்கிள் வியாபாரிகளை நான் கண்டிருக்கிறேன். விற்றவள் விற்றுப் பிழைத்தாள். அதை வாங்கினவன் "இன்ன ஊரில், இன்ன வருசத்தில், ஒரு வீட்டில் வாங்கினது" என்று ஒரு துண்டில் எழுதிவைத்தால் அவனுடைய கை என்ன முறிந்தா போகும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தார்கள். அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இருக்கவில்லை, ஒரு முஸ்லிமும் இருக்கவில்லை. அப்போது எவ்வளவு எழுதினோம், எவ்வளவு கத்தினோம், "எங்கள் வரலாற்றை யாரோ எழுதப் போகிறார்கள்" என்று. கத்தினது சரிதான், இன்றைக்கும் கத்துவேன். வருசா வருசம் ஜூன் 1 வந்தால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து எல்லோரும் பதிவு போடுகிறோம். 97,000 புத்தகங்கள், திரும்பக் கிடைக்காத ஏடுகள். அந்தப் பதிவு போட்ட அதே ஆக்கள்தான் ஞாயிற்றுக்கிழமை "2,500" என்று கொமன்ட் போட்டது. பெயர்களைப் பார்த்தேன். என்னுடைய நண்பர் பட்டியலில் இருக்கிற பெயர்கள். எரித்தவனைத் திட்ட நமக்கு வாய் இருக்கிறது, பிரித்து விற்கிறவனிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை. எவன் எவனோ வந்து இந்த மண்ணில் உங்களுக்கு என்ன இருந்தது என்று கேட்கும்போது எதைக் காட்டப் போகிறோம்? பிரேம் போட்ட ஒற்றை ஓலையையா?

"தொல்பொருள் திணைக்களத்திடம் சொன்னால் கொழும்புக்குக் கொண்டு போய்விடுவார்கள்" என்று பயப்படுகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே கனடாவுக்குக் கூரியர் போடுவது என்ன நியாயம்? சட்டம் இல்லாமலும் இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டு ஆதனச் சட்டம் இருக்கிறது. பண்பாட்டு ஆதனம் என்று வருகிற பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது, வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். "ஓம் அண்ணா, பிரச்சினை இல்ல" என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லாமல் போய்விடாது.

திணைக்களம் வேண்டாமா, நமக்கென்று இடங்கள் இருக்கின்றன. காத்தான்குடியில் பூர்வீக நூதனசாலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நூலகம் நிறுவனம் ஓலைச்சுவடிகளையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் போடுகிறது, கட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். ஸ்கேன் பண்ணிவிட்டுப் பிறகு விற்றிருந்தாலும் எழுத்தாவது மிஞ்சியிருக்கும்.

"நீ என்ன செய்தாய், பேசுவது சுகம்" என்று இனி ஒருவர் வருவார். வாருங்கள். நான் செய்யப் போவது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஓலை வாங்கினவர்கள் இதைப் படித்தால், உங்களைத் திட்டமாட்டேன், விலை பேசமாட்டேன், ஓலையைத் திருப்பித் தாருங்கள் என்றும் கேட்கமாட்டேன். பிரேமுக்குள் அடிக்க முதல், வார்னிஷ் கீர்னிஷ் பூச முதல், இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கள். ஓரத்தில் இருக்கிற இலக்கம் தெளிவாகத் தெரியவேண்டும். வரிசைப்படுத்தி, வாசிக்கத் தெரிந்த ஆக்களிடம் கொடுத்து வாசிப்பித்து, நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கிறேன். 43ஆம் ஓலை கையில் இருக்கிறவர் முதலில் அனுப்பினால் நல்லது. சட்டப் பலகை இரண்டையும் தனியாக வாங்கின அண்ணனுக்கும் சொல்கிறேன், பலகையின் உள்பக்கத்தில் கட்டுக்கு உரியவருடைய பெயரோ ஊரோ எழுதியிருக்கலாம். தயவுசெய்து அதைத் தேய்த்துவிடாதீர்கள்.