சில்வியா சாங்கை அடைப்புக்குறிக்குள் வைக்காதீர்கள்

கடற்கரையில் ஒரு மருந்து பாட்டில் கிடைத்திருக்கிறது. அதன்மேல் அவளுடைய கணவன் பெயர். கடலில் மூழ்கிவிட்டானா, எல்லாரையும் ஏமாற்றிவிட்டு எங்காவது போய்விட்டானா, யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். காத்து நின்ற அந்தப் பெண் ஒரு கட்டத்தில், உடல் கிடைக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் கரையைவிட்டு நடந்து போய்விடுகிறாள்.

தைவான் இயக்குநர் எட்வர்ட் யாங் 1983ல் எடுத்த 'தட் டே, ஆன் த பீச்' படத்தில் வருகிற இடம் இது. யாங்குக்கு முதல் முழுநீளப் படம். ஒளிப்பதிவு செய்த கிறிஸ்டோபர் டாயிலுக்கும் முதல் படம். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். தைவான் புதிய அலை என்று சொல்லப்படும் எண்பதுகளின் சினிமா இயக்கம் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இந்த இரண்டு பேரும் பக்கம் பக்கமாக வருவார்கள். கரையைவிட்டு நடந்து போகிற அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் ஒருமுறை அடைப்புக்குறிக்குள் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடும். சில்வியா சாங்.

இது எனக்குள் நெடுநாளாகக் கிடக்கிற ஆதங்கம். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீனப் பெயர் சாங் ஆய்-ஜியா. 1953ல் தைவானின் ஜியாயி ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு ரேடியோவில் பேசப் போனார். பிறகு ஹாங்காங்கில் கோல்டன் ஹார்வெஸ்ட் கம்பெனியில் ஒப்பந்தம். புரூஸ் லீயின் படங்களை எடுத்த அதே கம்பெனி. 1973ல் முதல் படம். 1976ல் துணை நடிகைக்கான கோல்டன் ஹார்ஸ் விருது, சீன மொழிப் படங்களுக்குத் தைவானில் தரும் பெரிய விருது. அடுத்த வருடம் 'சிவப்பு மாளிகைக் கனவு' என்ற புகழ்பெற்ற சீன நாவல் படமானபோது, நோயிலும் கண்ணீரிலும் கரைந்துபோகும் அதன் நாயகி இவர்தான். நாயகன் வேடம் கட்டியவர் நடிகை பிரிஜிட் லின். 1981ல் சிறந்த நடிகை விருதும் வந்துவிட்டது. அழகு, புகழ், விருது மூன்றும் கையில். பெரும்பாலான நடிகைகளின் கதை இந்த இடத்தில்தான் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கத் தொடங்கும்.

இவர் விஷயத்தில் நடந்தது வேறு. 1979ல் ஹாங்காங் பெண் இயக்குநர் ஆன் ஹுய் தன் முதல் படமான 'த சீக்ரெட்' எடுத்தபோது அதில் இவர் நடித்தார். அப்போது வயது 26. ஆன் ஹுய் அதுவரை தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர். உச்சத்தில் இருக்கிற நடிகை ஒருவர் முதல் பட இயக்குநரிடம் தேதி கொடுப்பது என்ன பொருள் என்று சினிமா பக்கம் கொஞ்சம் நடமாடியவர்களுக்குத் தெரியும். படம் நடக்கும் என்று மற்றவர்கள் நம்பத் தொடங்குவதே அந்தப் பெயரை வைத்துத்தான்.

1981ல் தைவான் தொலைக்காட்சிக்காகப் பெண் எழுத்தாளர்களின் கதைகளைக் கொண்டு 'பதினோரு பெண்கள்' என்ற தொடரைத் தயாரித்தார். ஒரு பகுதியை இயக்க எட்வர்ட் யாங்கை அழைத்தார். யாங் யார் அப்போது? அமெரிக்காவில் மின்பொறியியல் படித்து, சியாட்டிலில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, சினிமா ஆசையோடு ஊர் திரும்பியவர். இயக்குநராகக் கையில் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அந்த மனிதர்தான் 2000ல் கான் திரைவிழாவில் சிறந்த இயக்குநர் ஆனார்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எழுதுகிறவர்கள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள்: "வாய்ப்புக் கொடுத்தார்." தாராள மனசு, அக்கா மாதிரி, பெரிய மனுஷி என்றெல்லாம் போகும். எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு ஆண் தயாரிப்பாளர் இதைச் செய்திருந்தால் அவருடைய பார்வையைப் புகழ்ந்திருப்போம், கலை நோக்கு என்றிருப்போம். பெண் செய்தால் தாய்மை ஆகிவிடுகிறது. 28 வயதில் கதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆட்களைத் தேடிப்பிடித்து, தொலைக்காட்சி நிலையத்தோடு மல்லுக்கட்டி ஒரு தொடரை முடிப்பது அறிவும் உழைப்பும் சேர்ந்த வேலை. ஹாங்காங்கின் சினிமா சிட்டி படநிறுவனம் தன் தைவான் கிளையை அவர் பொறுப்பில் விட்டதும் இந்தத் திறமைக்காகத்தான்.

சரி, கதவு திறந்தவர் என்பதைப் பேசிக்கொண்டே நடிப்பை மறந்துவிடுவதுதான் இரண்டாவது அநியாயம்.

'தட் டே, ஆன் த பீச்' படத்துக்கே வருகிறேன். வெளிநாட்டில் பியானோ கலைஞராகப் பெயர் வாங்கிய ஒரு பெண் 13 வருடம் கழித்து தைப்பே வருகிறாள். பழைய காதலனின் தங்கை ஜியா-லியைச் சந்திக்கிறாள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். மொத்தப் படமும் அந்தப் பேச்சிலிருந்து விரிகிறது. அண்ணன் அப்பா சொன்ன பெண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளுக்குள் செத்துப்போனவன். தங்கை ஒரு ராத்திரியில் வீட்டைவிட்டு வெளியேறித் தானே தேர்ந்த ஒருவனை மணக்கிறாள். பிடித்தவனை மணந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று படம் சொல்வதில்லை. அவன் வேலை, குடி, வேறொரு பெண் என்று நழுவிக்கொண்டே போகிறான். கடைசியில் அந்த மருந்து பாட்டில்.

இதில் சாங் பள்ளிக்கூடப் பெண்ணாக வருகிறார், புது மனைவியாக வருகிறார், கடைசியில் தொழில் நடத்தும் பெண்ணாக எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒப்பனையும் தலைமுடியும் மாறுவது சின்ன விஷயம். உட்காரும் விதம் மாறுகிறது. இளவயதில் எதைச் சொல்வதற்கு முன்னும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார், சம்மதம் கேட்பதுபோல. கதை சொல்லும் ஜியா-லிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எப்போது அது போயிற்று என்று தேடிப் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட காட்சி என்று சுட்ட முடியவில்லை. வாழ்க்கையிலும் அப்படித்தானே நடக்கிறது.

காதல் கதை முடிந்த பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள்? இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். நடிக்கும்போதும் இயக்கும்போதும் பாடும்போதும் அதே கேள்வி.

1989ல் ஜானி டோ இயக்கிய 'ஆல் அபௌட் ஆ-லாங்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையில் நாயகனாக நடித்த சோ யுன்-ஃபாட்டோடு சேர்த்து இவர் பங்கும் உண்டு. முரடனாக இருந்த பழைய பைக் பந்தயக்காரன் மகனைத் தனியாக வளர்க்கிறான். குழந்தை செத்துவிட்டது என்று சொல்லப்பட்டதை நம்பி அமெரிக்கா போய்விட்ட தாய், பத்து வருடம் கழித்துத் திரும்புகிறாள். சோவுக்கு விருது கிடைத்தது, தகுதியானதுதான். ஆனால் பையன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்த பிறகு அவனைப் பார்க்கும்போது சாங்கின் முகத்தில் வருவதைக் கவனியுங்கள். பாசம் பொங்கவில்லை. முதலில் வெட்கம் வருகிறது. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆங் லீயின் 'ஈட் டிரிங்க் மேன் வுமன்' (1994) நம்மில் நிறையப் பேர் பார்த்த படம். பக்கத்து வீட்டில் சின்ன மகளோடு இருக்கும் விவாகரத்தான பெண்ணாக வருவார். கிழச் சமையல்காரர் சூ அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூட மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கத் தொடங்கி, அம்மா கட்டிய சுமாரான சாப்பாட்டைத் தான் சாப்பிட்டுவிடுவார். சாங்குக்கு வசனம் கொஞ்சம்தான். கடைசி விருந்தில் சூ எழுந்து செய்யும் அறிவிப்பு எல்லாரையும் தூக்கிவாரிப் போடுகிறது. முதல்முறை பார்த்தபோது நானும் அதிர்ந்தேன். இரண்டாம் முறை பார்த்தால் எல்லாம் அவர் முகத்தில் முதலிலிருந்தே இருக்கிறது, நாம்தான் அவரைப் பக்கத்து வீட்டுக்காரி என்று கடந்து போயிருக்கிறோம்.

கலைப்பட ரசிகர்கள் அவருடைய வெகுஜனப் படங்களைத் தொடமாட்டார்கள். அது அவர்களுக்குத்தான் நஷ்டம். 'ஏசஸ் கோ பிளேசஸ்' வரிசையில் விறைப்பான போலீஸ் அதிகாரியாக அவர் அடிக்கும் லூட்டியை எத்தனை முறையும் பார்க்கலாம். ட்சுய் ஹார்க்கின் 'ஷாங்காய் புளூஸ்' (1984) இன்னும் மேல். 1937ல் குண்டு விழும் இரவில் ஒரு பாலத்தடியில் ஆணும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசி, போர் முடிந்து இங்கேயே சந்திப்போம் என்று பிரிகிறார்கள். பத்து வருடம் கழித்து ஒரே கட்டடத்தில் மேலும் கீழும் குடியிருக்கிறார்கள், அடையாளம் தெரியாமல். சிரிப்பதற்காக எடுத்த படத்தில் காத்திருப்பின் வலியைக் கெடாமல் வைத்திருப்பது எல்லாருக்கும் வாய்க்காது. 2024ல் அந்தப் படம் புதுப்பிக்கப்பட்டு கான் விழாவின் பழம்படப் பிரிவில் திரையானது.

பாட்டுக்கு வருகிறேன். 1981ல் 'குழந்தைப்பருவம்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அந்தத் தலைப்புப் பாட்டை எழுதி இசையமைத்த லோ டா-யூ மருத்துவம் படித்தவர், பின்னாளில் தைவான் பாட்டின் போக்கையே மாற்றியவர். அவருடைய சொந்த முதல் தொகுப்பு அடுத்த வருடம்தான் வந்தது. இங்கேயும் அதே கதை, கவனித்தீர்களா?

சாங்கின் குரல் பெரிய குரல் இல்லை. தைவானின் புகழ்பெற்ற பாடகி தெரேசா டெங்கின் குழைவு இதில் கிடைக்காது. உச்சத்துக்குப் போய்க் கண்ணாடி உடைக்கும் வேலையும் கிடையாது. சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒருத்தி தனக்குள் பேசிக்கொள்வதுபோல இருக்கும். 1985ல் பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஜோனதன் லீயோடு சேர்ந்து செய்த தொகுப்புக்கு 'மாங் யூ மாங்' என்று பெயர். முதல் மாங் என்றால் ஓயாத வேலை. இரண்டாவது மாங் என்றால் பார்வை இல்லாமை. மாண்டரினில் இரண்டுக்கும் ஒரே ஒலி. சீன எழுத்தில் இன்னும் அழகு: இரண்டிலும் 'இழப்பு' என்ற உறுப்பு இருக்கிறது. அதோடு மனம் சேர்ந்தால் ஓயாத வேலை, கண் சேர்ந்தால் குருடு. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த தைப்பே நகரத்துப் பெண்களின் ஒரு தலைமுறைக்கு இந்தப் பாட்டு வேண்டியிருந்தது.

1992ல் 'காதலின் விலை'. இதையும் ஜோனதன் லீதான் எழுதினார். பிரிந்துபோன காதலைப் பற்றிய பாட்டு, ஆனால் அழுகை இல்லை, சாபம் இல்லை. பின்னால் லீயே பாடியிருக்கிறார், எத்தனையோ பேர் பாடியிருக்கிறார்கள். எனக்கு சாங் பாடியதுதான். மற்றவர்கள் பாடும்போது அது காயத்தைப் பற்றிய பாட்டாக இருக்கிறது. இவர் பாடும்போது தழும்பைத் தடவிப் பார்க்கிற பாட்டாகிறது.

இயக்குநராகவும் அவர் நெடுந்தூரம் வந்திருக்கிறார். 1986ல் 'பேஷன்' படத்தை இயக்கி நடித்து, மறுபடி சிறந்த நடிகை. 1995ல் 'சியாவ் யூ'. அதில் நாயகியாக வந்த ரெனே லியு பிறகு பாடகி, நடிகை, இயக்குநர் என்று அதே பாதையில் நடந்தார். 2004ல் '20 30 40' பெர்லின் போட்டியில் இருந்தது. எல்லாவற்றையும் சொல்ல இடமில்லை, ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்கிறேன்.

2017ல் வந்த 'லவ் எஜுகேஷன்'. தாய் இறந்ததும், அப்பாவின் எலும்பைக் கிராமத்துக் கல்லறையிலிருந்து எடுத்து வந்து அம்மா பக்கத்தில் வைக்க நினைக்கிறாள் மகள். ஓய்வுபெறப்போகிற பள்ளி ஆசிரியை அவள், நடித்தது சாங்கே. கிராமத்திலோ அப்பாவின் முதல் மனைவி இருக்கிறாள். அவன் நகரத்துக்குப் போய்த் திரும்பவே இல்லை, ஆனாலும் அவன் மனைவியாகவே ஒரு ஆயுளைக் கழித்தவள். கல்லறையைத் தொடவிடாமல் அதன்மேல் விழுந்து மறிக்கிறாள். யார் பக்கம் நியாயம்? படம் பார்த்து முடித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை. தன் பாத்திரத்தை அவர் கொஞ்சமும் நல்லவளாக்கவில்லை. அவசரக்காரி, பிடிவாதக்காரி, தன் அம்மாவுக்கு ஒரு அத்தாட்சி வேண்டும் என்று ஊரையே படுத்துகிறவள். அந்தக் கிழவி கடைசியில் கல்லறை முன்னால் நின்று, நீ எனக்கு வேண்டாம் என்கிறபோது, கடற்கரையைவிட்டு நடந்துபோன ஜியா-லிதான் என் நினைவுக்கு வந்தாள்.

2022ல் 'எ லைட் நெவர் கோஸ் அவுட்'. இயக்கிய அனஸ்தேசியா ட்சாங்குக்கு இது முதல் படம். சில்வியாவின் 26 வயதில் ஆன் ஹுய்யின் முதல் படம், 30ல் யாங்கின் முதல் படம், 69ல் இன்னொருவரின் முதல் படம். ஹாங்காங் தெருக்களில் தொங்கிய நியான் பலகைகள் கட்டட விதிகளால் வரிசையாக இறக்கப்பட்டுவிட்டன. அந்தப் பலகைகளைச் செய்த கணவன் இறந்துபோகிறான். எப்போதோ மூடிவிட்டதாக அவள் நினைத்திருந்த அவனுடைய பட்டறைக்கு ஒரு சாவி கிடைக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சிஷ்யப் பையன் இருக்கிறான். நெருப்பில் கண்ணாடிக் குழாயை வளைக்கும் வேலையை அவள் அந்த வயதில் கற்றுக்கொள்கிறாள். இந்தப் படத்துக்கு மூன்றாவது முறையாக கோல்டன் ஹார்ஸ் சிறந்த நடிகை விருது. முதல் விருதுக்கும் இதற்கும் நடுவில் 41 வருடம்.

அப்பா போய் எட்டு மாதம் வரை அவருடைய ரேடியோ ரிப்பேர் சாமான்கள் இருந்த அலமாரியை அம்மா திறக்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்தப் படத்தை அம்மாவோடு பார்க்கத் தயக்கமாக இருந்தது. போன மாதம் துணிந்து போட்டேன். கீழே ஓடும் எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், பாதியில் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். பட்டறைக் காட்சி வந்தது. குழாயைச் சுடரில் வாட்டி, வாயால் ஊதி, வளைத்து, உடைந்து, மறுபடி எடுத்து வாட்டினார் சாங். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "இந்தம்மா நெசமாவே செய்யுது. கையப் பாரு, முகத்தப் பாக்காத."