எஸ்11 மட்டும் போதாது

3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை எஸ்11 மதிப்பு (ஆன்டெனாவுக்குச் செலுத்திய திறனில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) −10 டெசிபெலுக்குக் கீழே இருந்தாலே மின்சுற்றுப் பலகையில் அச்சிட்ட மோனோபோல் (ஒற்றைக் கை) ஆன்டெனாவின் வடிவமைப்பு முடிந்துவிட்டது என்று இந்த விவாதத்தின் முந்தைய பதிவில் ஒருவர் கூறியிருப்பது சரியன்று. செலுத்திய திறனில் குறைந்தது 90 விழுக்காடு திரும்பி வரவில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அதில் எவ்வளவு அலையாக வெளியேறியது, எவ்வளவு எஃப்ஆர்4 எனும் கண்ணாடியிழைப் பலகையில் வெப்பமாக வீணானது என்பதைச் சொல்வதில்லை. இதைவிட முக்கியமானது, நானோநொடி அளவிலான துடிப்புகளை அனுப்பும் கருவிகளில், குழுத் தாமதம் (துடிப்பின் ஒவ்வொரு அதிர்வெண் பகுதியும் கடந்து செல்ல எடுக்கும் நேரம்) அதிர்வெண்ணுக்கேற்ப ஏறியிறங்கினால் துடிப்பு சிதைந்து, தொலைவைக் கணிப்பதில் பிழை நேரும் என்பதே. ஆன்டெனாவின் தரைத்தளம் (பலகையில் உள்ள நிலமிணைப்பு உலோகப் பரப்பு) சிறிதாக இருக்கும்போது, குறிப்பாகக் கீழ் அதிர்வெண்களில், அளவீட்டுக் கேபிளின் வெளியுறையிலும் மின்னோட்டம் பாய்வதால், எஸ்11 வரைபடமே உண்மையைவிட நன்றாகத் தோன்றக்கூடும். கதிர்வீச்சுத் திறன் விகிதத்தையும் (ஏற்ற திறனில் அலையாக வெளியேறும் பங்கு), மேல் அதிர்வெண்களில் கதிர்வீச்சுக் கோலத்தையும் (எந்தத் திசையில் எவ்வளவு வெளியேறுகிறது என்பது) அளந்து இங்கே பகிருமாறு அந்தப் பதிவரைக் கேட்டுக்கொள்கிறேன்.