டிக்கி மேல் விங் மாட்டினால் கார் ரோட்டைப் பிடிக்குமா?

சித்தி மகன் போன மாதம் தன் காரின் டிக்கி மேல் பெரிய விங் ஒன்றை, அதாவது இறக்கை போன்ற பலகையை, மாட்டினான். 150 குதிரைத்திறன் டர்போ செடான், முன்சக்கர இயக்கம். நல்ல கார். வீட்டுக்கு வந்தவன் சாவியை என் கையில் கொடுத்து, "அண்ணே, ஓட்டிப் பாருங்க. பைபாஸ்ல 120ல போனாலும் ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகுது" என்றான்.

பார்க்க நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். அழகுக்காக மாட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் கார் ஒட்டிக்கொள்கிறது என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். மழை பெய்யும் ஒரு ராத்திரியில் அந்த நம்பிக்கையோடு அவன் வளைவில் திரும்புவான். அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அவன் மாட்டியிருக்கும் விங் 1.4 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம். செடான் கூரையைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே கலைந்துபோயிருக்கும் என்பதால், அங்கே ஒரு விங்குக்கு லிஃப்ட் கோயெஃபிஷியன்ட் (காற்றை எவ்வளவு திறமையாக விசையாக மாற்றுகிறது என்பதைக் காட்டும் எண்) 1 என்று வைத்துக்கொள்வதே தாராளம். அந்தத் தாராளக் கணக்கில் 60 கிமீ வேகத்தில் கிடைக்கும் டவுன்ஃபோர்ஸ், அதாவது காரைக் கீழே அழுத்தும் விசை, சுமார் 6 கிலோ. 100ல் 16 அல்லது 17 கிலோ. ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோவுக்குக் குறையாத காரில் இது, பின் சீட்டில் ஒரு சின்னப் பிள்ளை ஏறி உட்கார்ந்த மாதிரி. 200ல்தான் 66 கிலோ வரும். நம் ரோட்டில் 200ஐப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, கொஞ்சமாவது கிடைக்கிறதே, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அவனும் கேட்டான். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கவனிக்காத விஷயம் இருக்கிறது. அந்த விங் பின் ஆக்ஸிலுக்கு மேலே நிற்பதில்லை, அதைத் தாண்டி 80 சென்டிமீட்டர் பின்னால் நிற்கிறது. சீசா பலகையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்தானே? பின் ஆக்ஸில் நடுத்தாங்கி, விங் அழுத்தும் முனை, முன் சக்கரங்கள் எழும் முனை. 2.65 மீட்டர் வீல்பேஸில் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடையிலான தூரம்) கணக்குப் போட்டால், 200 கிமீ வேகத்தில் முன் சக்கரங்கள் 20 கிலோ எடையை இழக்கின்றன. விங் உயரத்தில் இருப்பதால் அதன் மேல் விழும் காற்றெதிர்ப்பும் காரைப் பின்பக்கமாகச் சாய்க்கும், அதில் இன்னொரு 5 கிலோ போகும். அவன் சொன்ன 120 கிமீ வேகத்திலும் இதே விகிதம்தான்: விங் தருவது 24 கிலோ, முன்னால் குறைவது 9 கிலோ.

முன்சக்கர இயக்கக் காரில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கில் பெரும்பகுதி எல்லாமே முன் டயர்களின் வேலை. அந்த டயர்களிலிருந்து எடையைப் பிடுங்கிப் பின்னால் வைக்கப் பணம் கொடுத்திருக்கிறான். ஸ்டீரிங் கொஞ்சம் மந்தமாகி, பின்பக்கம் அசையாமல் வருவதைத்தான் அவன் 'ஒட்டிக்கொள்கிறது' என்று உணர்கிறான் என்பது என் அனுமானம்.

இதைப் படித்துவிட்டு, காற்றை வைத்துக் காரைக் கட்டுப்படுத்தும் ஏரோடைனமிக்ஸே பொய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அது பொய் என்றால் ஆடி டிடி விஷயத்தில் நடந்ததற்கு விளக்கமே கிடையாது. 1998ல் வந்த முதல் தலைமுறை டிடியின் பின்பக்கம் வழுவழுவென்று உருண்டு இறங்கும், காற்றைத் தடுத்துத் திருப்பும் விளிம்பான ஸ்பாய்லர் இல்லை. ஜெர்மனியின் ஆட்டோபானில் அதிவேகத்தில் சில கார்கள் கட்டுப்பாடு இழந்தன, உயிர்கள் போயின. கடைசியில் ஆடி கார்களைத் திரும்ப அழைத்து டிக்கி மேல் சின்ன ஸ்பாய்லர் ஒன்றைப் பொருத்தியது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. சஸ்பென்ஷனை மாற்றினார்கள், கார் சறுக்கும்போது தானாகவே பிரேக் போட்டு நேராக்கும் இஎஸ்பி கொடுத்தார்கள். அந்தக் காரை வடிவமைத்தவர்களே ஸ்பாய்லர் ஒன்று மட்டும் போதும் என்று நினைக்கவில்லை.

போர்ஷேயும் அப்படித்தான். 1973 காரெரா ஆர்எஸ் 2.7ன் வாத்துவால் ஸ்பாய்லர் எல்லோருக்கும் தெரியும். அதே காரின் முன் பம்பருக்கு அடியில் இருக்கும் சின்ன உதட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பின்பக்கம் மேலே தூக்கப்படுவதைக் குறைத்தால் முன்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். 2022ல் வந்த 911 ஜிடி3 ஆர்எஸ்ஸில் இந்தச் சிந்தனை உச்சத்துக்குப் போனது. 200 கிமீ வேகத்தில் 409 கிலோ, 285ல் 860 கிலோ டவுன்ஃபோர்ஸ். அந்தப் பின் விங்கின் கோணம் மாறும்போது முன்னால் அடியில் இருக்கும் இறக்கைகளின் கோணமும் மாறும். பின்னால் கூடுவதற்கு ஏற்ப முன்னாலும் கூட வேண்டும் என்பதற்காகவே இத்தனை ஏற்பாடு. நம் ஊர்க் கடைகளில் அந்தப் பின் விங்கின் தோற்றம் மட்டும் கிடைக்கிறது.

கூரை மேல் ஒட்டும் சுறாத் துடுப்புகளும் இதே கதைதான். மிட்சுபிஷி பொறியாளர்கள் லான்சர் எவல்யூஷனுக்காக, காற்றில் சின்னச் சுழல்களை உண்டாக்கும் இந்த வோர்டெக்ஸ் ஜெனரேட்டர்களை முறையாக ஆராய்ந்து 2004ல் கட்டுரையே வெளியிட்டார்கள். அந்தக் காரின் கூரையிலிருந்து காற்று எங்கே பிரிகிறது என்று கண்டுபிடித்து, அதற்கு 100 மில்லிமீட்டர் முன்னால், அளந்து செய்த உயரத்தில் வைத்தார்கள். அத்தனை உழைப்புக்கும் காற்றெதிர்ப்பைக் காட்டும் எண்ணில் கிடைத்த குறைவு 0.006. வேறொரு காரின் கூரையில், கைக்கு எட்டிய இடத்தில், டபுள் சைடு டேப்பில் ஒட்டினால் என்ன கிடைத்துவிடும்? டிஃப்யூசர் என்று பின் பம்பருக்கு அடியில் திருகும் பிளாஸ்டிக் துண்டுக்கும் காரின் அடிப்பக்கம் தட்டையாக இருந்தால்தான் வேலை. சைலன்சரும் ஸ்பேர் வீல் குழியும் தொங்கும் இடத்தில் அதற்கு வேலையே இல்லை.

பொருத்தும் விதம்தான் எனக்கு இன்னும் பெரிய பயம். 1969ல் ஸ்பெயினின் மொன்ட்யூயிக் ஃபார்முலா 1 பந்தயத்தில் லோட்டஸ் அணியின் கிரஹாம் ஹில், யோஹன் ரிண்ட் இருவரின் கார்களிலும் உயரமான விங்குகள் ஓட்டத்தின் நடுவிலேயே முறிந்தன. இருவரும் தடுப்பில் மோதினார்கள், ரிண்ட் காயமடைந்தார். அடுத்த மொனாக்கோ பந்தயத்திலேயே அந்த உயர விங்குகளுக்குத் தடை வந்தது. உலகின் தலைசிறந்த பந்தயப் பொறியாளர்கள் கையால் பொருத்தியவை அவை. சித்தி மகனின் விங் மெல்லிய டிக்கித் தகரத்தில் துளை போட்டு நான்கு போல்ட்டில் நிற்கிறது. உள்ளே ஒரு பட்டைகூட வைக்கவில்லை. அது கழன்று பறந்தால் பின்னால் பைக்கில் வருகிறவர் யாராக இருக்கும்? அப்புறம் சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மீறி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லிவிட்டது.

யாருக்குப் பயன்படும் என்றால், ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவருக்கு, அளந்து மாட்டினால் பயன்படும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நண்பரின் டிராக் காரில் பின் விங் மட்டும் இருந்தபோது வேகமான முதல் வளைவில் முன்பக்கம் திரும்ப மறுத்து வெளியே ஓடியது. அவர் பிளைவுட்டில் ஒரு ஸ்ப்ளிட்டர், அதாவது முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டைப் பலகை, வெட்டி, தரைக்கு நெருக்கமாக, ஆள் ஏறி நின்றாலும் வளையாத அளவுக்குக் கம்பி வைத்து முன்னால் கட்டினார். அடுத்த முறை பக்கத்து சீட்டில் நானும் இருந்தேன். அதே வளைவில் ஸ்டீரிங்குக்கு உயிர் வந்ததை என் உடம்பே உணர்ந்தது. அதனால்தான் இந்த விஷயத்தின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை, இதன் பெயரில் விற்கப்படும் பிளாஸ்டிக் மேல் இவ்வளவு கோபம்.

அந்த நண்பரும் விங்கில் தொடங்கவில்லை. முதலில் நல்ல டயர், பிறகு பிரேக் பேட், பிரேக் ஆயில், வீல் அலைன்மென்ட், ஒரு பயிற்சியாளரோடு இரண்டு நாள் ஓட்டம். இவையெல்லாம் 40 கிமீ வேகத்திலும் வேலை செய்யும், மழையிலும் வேலை செய்யும். சித்தி மகனின் டயர்களைக் குனிந்து பார்த்தேன். முன்னிரண்டிலும் தேய்மானக் கோடு தெரிகிறது. மழைத் தண்ணீரில் 80ல் போகும்போது அந்த விங் தருவது 10 கிலோ, அதுவும் பின்னால். முன்னால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளம் டயரில் இல்லை.

இதையெல்லாம் உட்கார வைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "கழட்டிடலாமாண்ணே?" என்று அவனே ஸ்பேனரை எடுத்து வந்தான். நான்கு துளைகளின் ஓரத்திலும் அதற்குள் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. டிங்கரிங் செய்பவரிடம் திங்கட்கிழமை விடுகிறோம், அதற்கு முன்னால் முன் டயர் இரண்டையும் மாற்றிவிடுகிறோம். ரேஸ் டிராக்கில் ஓட்ட முறையாக அளந்து விங், ஸ்ப்ளிட்டர் மாட்டிய நண்பர்கள் இருந்தால், முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, எப்படி அளந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அவனும் படிக்கிறான்.