சாமி மலையேறிய பிறகு

போன வாரம் மதுரையில் ஓர் இலக்கியக் கூட்டம். நாவலாசிரியன் சாமியாடியைப் போலப் பரவசம் தலைக்கேறிய நிலையில்தான் எழுத வேண்டும், அவனே இந்தக் காலத்து ரிஷி என்று ஒருவர் அரைமணி நேரம் பேசினார். பலத்த கைதட்டல். நான் தட்டவில்லை.

எனக்குச் சாமியாடியைத் தெரியும். எங்கள் பெரியம்மாவுக்கு ஒவ்வொரு சித்திரையும் மதுரை தல்லாகுளத்தில், கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று அருள் வரும். கொண்டை அவிழ்ந்துவிடும். அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொள்வோம். முந்தானையை இழுத்துச் செருகுவது அம்மாவின் பொறுப்பு. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் சாமி மலையேறிவிடும். பெரியம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்பது, "நான் ஏதாவது சொன்னேனா?"

ஆடியவருக்கு ஆட்டம் நினைவில்லை. பிடித்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். நாவலாசிரியனின் இடம் அங்கேதான் என்பது என் கட்சி. இப்போதெல்லாம் சுற்றி நிற்கிறவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆளைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. இதெல்லாம் நரம்புக் கோளாறு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. நல்லவேளை, அவர்கள் நாவல் எழுத வருவதில்லை.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கிக்கு வலிப்பு நோய் இருந்தது. வலிப்புக்கு முந்தைய நொடியின் பேரின்பத்தை 'அசடன்' நாவலின் நாயகன் இளவரசன் மிஷ்கினுக்குக் கொடுத்தார். அதோடு நிறுத்தாமல், கத்தியை ஓங்கியவன் எதிரே அவன் அலறி விழுந்து விடுதிப் படிக்கட்டில் உருளுவதையும் எழுதினார்.

அவ்வளவு தூரம் எதற்கு? மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில், 1896 ஜூலையில் பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனைத் திடீரென மரணபயம் பிடித்தது. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று பார்த்தான். பின்னாளில் அவர் ரமண மகரிஷி. அந்தக் கணத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறார்கள். என்னைத் தூங்கவிடாதது அதன் பிறகு நடந்தவை. மாலைகளில் தனியே கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன் நின்று அழுதான். ஆகஸ்ட் 29 அன்று, பள்ளிக்கூடத்தில் தனி வகுப்பு இருக்கிறது என்று அண்ணனிடம் பொய் சொன்னான். போகிற வழியில் தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டச் சொல்லி அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சோறு போட்ட சித்திதான் அந்தப் பணத்தைக் கொடுத்தார். அதில் மூன்று ரூபாயை வைத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு விட்டுவிட்டு, திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். 'நான்' என்று தொடங்கும் அந்தக் கடிதம் போகப்போக 'இது' என்று மாறிவிடுகிறது. உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.

தன்னையே தொலைத்தவனுக்கு அண்ணனின் கல்லூரிச் சம்பளம் மறக்கவில்லை! கூட்டத்தில் பேசியவர் இந்த இரண்டு ரூபாயை எங்கே வைப்பார்? அன்றிரவு அந்தச் சித்தி அவனுக்கு எடுத்துவைத்த சாதத்தை என்ன செய்திருப்பார் என்று யாராவது எழுதினால், விடிய விடியப் படிக்க நான் தயார்.