கிரீன் சர்க்கிளில் நிற்கும் டவுன் பஸ்

நேற்று காலை வேலூரில், காட்பாடியிலிருந்து பாகாயம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன். பாலாற்றைத் தாண்டி கிரீன் சர்க்கிளை நெருங்கியதும் பஸ் நின்றுவிட்டது. உள்ளே காலை மாற்றி வைக்கக்கூட இடமில்லை. ரயிலிலிருந்து இறங்கி நேராக சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வங்காளக் குடும்பம் ஒன்று; பெரியவர் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வரிசையாகக் கார்கள், பெரும்பாலும் உள்ளே ஒரே ஆள். கண்டக்டர் வாட்சைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கும் ஒரு சிங்கிள் போச்சு" என்றார். சிங்கிள் என்றால் ஒருவழி நடை.

அந்த வார்த்தை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரூட்டில் 6 பஸ். போய்வர ஒரு மணி நேரம் என்றால் 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும். நெரிசலில் அதுவே ஒன்றரை மணி ஆனால் 15 நிமிஷத்துக்கு ஒன்றுதான். அதே பஸ், அதே டிரைவர்; டீசல் மட்டும் கூடுதல். ஸ்டாப்பில் நிற்கிறவர் எத்தனை நாள் பொறுப்பார்? தவணையில் ஒரு ஸ்கூட்டி எடுப்பார், வசதி இருந்தால் கார். அந்த வண்டியும் இதே ரோட்டுக்குத்தான் வரும், பஸ் இன்னும் தாமதமாகும். ஆள் குறைந்துவிட்டது என்று அடுத்து ஒரு நடையை நிறுத்துவார்கள். கார் வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. என் வீட்டிலும் கார் இருக்கிறது.

பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர். அதில் உட்கார்ந்து வரும் 50 பேரை காருக்கு ஒன்றரை பேர் வீதம் ஏற்றினால் 33 கார் வேண்டும். இடைவெளி சேர்த்து ஒரு காருக்கு 6 மீட்டர் என்றால், கிட்டத்தட்ட 200 மீட்டர் ரோடு. ஆற்காடு ரோட்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, எதிரே லாட்ஜும் மருந்துக்கடையும். அகலப்படுத்த முடியாது, முடிந்தாலும் சீக்கிரமே நிறைந்துவிடும்.

வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எனக்கு மிகவும் பிடித்த திட்டம். அணைக்கட்டுப் பக்கமிருந்து முள்ளுக்கத்தரிக்காய் மூட்டையோடு நேதாஜி மார்க்கெட்டுக்கு வரும் அக்காவுக்கு டிக்கெட் காசு மிச்சம்தான். ஆனால் காய் வாடுவதற்குள் அவர் மார்க்கெட் போய்ச் சேர வேண்டுமே!

புதிதாக எதையும் கட்டச் சொல்லவில்லை. காலை 8 முதல் 11 வரை ஆற்காடு ரோட்டோரம் கார் நிறுத்துவதைத் தடுங்கள், அந்த இடத்தை பஸ்ஸுக்கு விடுங்கள். ஸ்டாப்பை மறித்து நிற்கும் ஷேர் ஆட்டோவுக்கு பத்தடி தள்ளி ஓர் இடம் கொடுங்கள், அவர்களும் பிழைக்க வேண்டும். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, எத்தனை சிங்கிள் மிச்சமாயிற்று என்று அந்தக் கண்டக்டரிடமே கேளுங்கள்.