மன்னிப்பு யார் அப்பன் வீட்டுச் சொத்து? சரி, பேச்சி யார் வீட்டுப் பெண்?

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும்: பொன்னியின் செல்வன் நந்தினியை வைத்து, மன்னிப்பைப் பற்றி நான் எழுதிய கதையிலிருந்து ஒரு காட்சியையும், அதில் வரும் வேலைக்காரி பேச்சியையும் ஒருவர் அப்படியே தன் கதைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்கிரீன்ஷாட்டுகள் எனக்கு வருவதற்கு முன்பே உங்களுக்கு வந்துவிட்டன. பெயர் சொல்லப் போவதில்லை, கமென்டில் நீங்களும் சொல்லாதீர்கள். ஆனால் "மன்னிப்பு என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒருவர் கேட்டு, அதற்கு வரிசையாகச் சிரிப்பு ஸ்மைலி விழுந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

இல்லைங்க. மன்னிப்பு என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. சொல்லப்போனால் எங்கள் வீட்டில் அது அவ்வளவாகப் புழக்கத்திலும் கிடையாது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். நந்தினி மன்னித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாளைக்கே ஊரில் இருக்கிற அத்தனை பேரும் எழுதுங்கள். அத்தனையையும் படித்து லைக் போடுகிற முதல் ஆள் நானாக இருப்பேன்.

நான் கேட்பது பேச்சியைப் பற்றி.

பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது. அடிபட்டுக் கிடக்கும் பாண்டிய மன்னன் வீரபாண்டியனை விட்டுவிடச் சொல்லி நந்தினி சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனிடம் கெஞ்சுகிறாள். அவன் கேட்கவில்லை, தலையை வெட்டிவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த ஒரு வெட்டு அவனை நிம்மதியாக இருக்க விடவே இல்லை. இது கல்கியுடையது. இதை எடுத்து வைத்துக்கொண்டுதான் நானும் எழுதினேன். என் கதையில் கரிகாலன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அன்றைக்கு வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வீரன், கல்கி எழுதாத ஆள், கிழவனாகிக் கோடை வெயிலில் வந்து தண்ணீர் கேட்கிறான். அவன் யார் என்று நந்தினிக்குத் தெரிந்துவிடுகிறது. வேலைக்காரி பேச்சி உள்ளே போய்ச் செம்பை எடுத்து வருகிறாள். நந்தினி அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, திண்ணையில் கவிழ்த்துக் கிடக்கும் போணி என்கிற பழைய பாத்திரத்தில் மோர் ஊற்றிக் கொடுக்கச் சொல்கிறாள். அவன் குடித்துவிட்டுப் போகிறான். பேச்சி போணியைக் கழுவி உள்ளே எடுத்துப் போகப் பார்க்கிறாள். "அது வெளியிலேயே இருக்கட்டும்" என்கிறாள் நந்தினி. அவ்வளவுதான் கதை. மன்னித்தாளா இல்லையா என்று நான் சொல்லவில்லை.

இப்போது அந்த இன்னொரு கதைக்கு வாருங்கள். அதே வெயில், அதே கிழவன், அதே திண்ணை, அதே கவிழ்த்த போணி. "அது வெளியிலேயே இருக்கட்டும்" என்ற வரி கமா மாறாமல் இருக்கிறது. குதிரைக்காரன் படகுக்காரன் ஆகிவிட்டான், அது ஒன்றுதான் புதுசு. அப்புறம் நந்தினி கிழவனைக் கட்டிக்கொண்டு கதறி, "உன்னையும் மன்னித்தேன், உன் இளவரசரையும் மன்னித்தேன்" என்று முக்கால் பக்கத்துக்கு வசனம் பேசுகிறாள். அம்மா தாயே, கட்டிக்கொண்டு அழுகிற அளவுக்கு மனசு இளகிவிட்டதென்றால் போணி எதற்கு வெளியே கிடக்கிறது? எடுத்தவருக்கே அது தெரியவில்லை.

இதற்கு வந்த விளக்கம்தான் உச்சம். "பேச்சி கல்கியின் பாத்திரம், கல்கி நாட்டுடைமை, அதனால் பேச்சியும் பொது." ஐந்து பாகத்தையும் புரட்டுங்கள். திண்ணையில் மோர் ஊற்றும் பேச்சி எங்கே வருகிறாள் என்று பக்க எண்ணோடு சொல்லுங்கள். அவள் எங்கள் ஊர்க்காரி ஐயா.

அந்தப் போணி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். எங்கள் ஆச்சிக்கும் அவள் தங்கைக்கும் பாகம் பிரித்தபோது சண்டை. நிலத்துக்காக இல்லை, ஒரு செம்புப் போணிக்காக. பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. நல்லது கெட்டதுக்குக்கூட ஒருத்தி வந்தால் இன்னொருத்தி பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். சின்ன ஆச்சிக்கு முடியாமல் போன காலத்தில், அவள் மகன் கையில் அந்தப் போணியைக் கொடுத்தனுப்பினாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. வாங்கினாள், புளி போட்டு விளக்கினாள், திண்ணையில் வைத்தாள். வழிப்போக்கர், தபால்காரர், கீரை விற்கிறவள் எல்லோருக்கும் அதில்தான் மோர். ஆனால் அடுப்படிக்குள் அது கடைசிவரை நுழையவில்லை. "ஏன் ஆச்சி?" என்று கேட்டால், "அது அங்கன கெடக்கட்டும்" என்பாள். அந்தப் போணியைத்தான் நந்தினி வீட்டுத் திண்ணையில் கவிழ்த்து வைத்தேன். இப்போது அது யாரோ ஒருவர் கதையில், எதற்கென்றே தெரியாமல், செட் பொருள் மாதிரி கிடக்கிறது.

"நீயே கல்கியிடம் எடுத்தவள், நீ பேசலாமா?" பேசலாம். முதல் வரியிலேயே இது கல்கியின் உலகம் என்று போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் மறைந்தது 1954-இல், எழுத்துகள் நாட்டுடைமையானது 1999-இல். சட்டம் அனுமதிக்கிறது. சட்டத்தை விடுங்கள், எது அவருடையது, எது என்னுடையது என்று படிக்கிறவருக்குத் தெரிகிறது. கம்பனைவிடப் பெரிய ஆள் யார்? "தேவபாடையின் இக்கதை செய்தவர்", அதாவது வடமொழியில் இந்தக் கதையைச் சொன்னவர், மூவரில் முந்தியவரான வால்மீகி உரைப்படிதான் நான் தமிழில் சொல்கிறேன் என்று பாயிரத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். சொன்னதால் கம்பனுக்கு என்ன குறைந்துபோயிற்று?

எடுப்பது எப்படி என்றும் அங்கேயே இருக்கிறது. வால்மீகியின் அகலிகை யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள். கம்பனிடம் வந்தால் கல். ராமன் காலின் துகள் பட்டு எழுகிறாள். அதோடு விடவில்லை, "நெஞ்சினால் பிழைப்பு இலாளை நீ அழைத்திடுக" என்று விசுவாமித்திரனைக் கௌதமனிடம் சொல்ல வைக்கிறான் கம்பன். சாபம் தீர்ந்தால் போதாது, புருஷனும் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். புதுமைப்பித்தன் 1943-இல் அதே அகலிகையை எடுத்தார். மீட்கப்பட்டவள், சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைச் சீதை வாயாலேயே கேட்கிறாள். ராமன் தன்னை மீட்டான், சரி, அவனை இவள் மன்னிக்க முடியுமா? முடியவில்லை. மறுபடியும் கல்லாகிறாள். அதிலும் அவர் ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்குக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று முன்குறிப்பே போட்டார். ராமாயணத்திலிருந்து எடுத்தேன் என்பதை மறைக்கவும் இல்லை, ராமாயண வரியை வெட்டி ஒட்டவும் இல்லை. ஜெயகாந்தன் இன்னும் ஒருபடி மேலே. 'அக்கினிப் பிரவேச'த்தில், யாரோ ஒருவனிடம் ஏமாந்து வந்த மகளைத் தலையில் தண்ணீரை ஊற்றி ஏற்றுக்கொண்ட அம்மாவை எடுத்து, அவள் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்று தன் கதைக்கே எதிர்க்கதை எழுதினார். ஒரு நாவலே கிடைத்தது.

"கருத்துக்குக் காப்புரிமை கிடையாது மேடம்." தெரியும் சார். உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று போனவர் அந்த வழக்கில் தோற்றார், அதுவும் தெரியும். ஆனால் அதே தீர்ப்பில்தான், இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோன்றினால் அது நகல்தான் என்றும் இருக்கிறது. பாதித் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு வந்து வகுப்பெடுக்காதீர்கள்.

"சின்னப் பொண்ணு, ஏதோ ஆசையில பண்ணிட்டா, விடுங்க." இதற்கு எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

கடைசியாக, எல்லோரும் சேர்ந்து அடிக்கும் அந்தப் பந்து. "மன்னிப்பைப் பத்தி இவ்வளவு எழுதுறீங்க, நீங்களே மன்னிக்கக் கூடாதா?" இதை மட்டும் எத்தனை பேர் இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறீர்கள்! அதில் இரண்டு பேர் என் கதைக்குக் கீழே "கண் கலங்கிவிட்டது அக்கா" என்று எழுதியவர்கள். கண் கலங்கிய கதை யார் எழுதியது என்பது மட்டும் உங்களுக்கு முக்கியமில்லை போலிருக்கிறது. யாராவது என்னிடம் மன்னிப்புக் கேட்டார்களா, முதலில் அதைச் சொல்லுங்கள். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்" என்று ஒரு பதிவு வந்தது. யாருடைய மனம்? எதனால் புண்பட்டது? அதில் என் பெயரும் இல்லை, கதையின் பெயரும் இல்லை. அதற்கும் நீங்கள் போய் ஹார்ட்டின் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். கொலை செய்பவர்களையும் நாட்டைக் காட்டிக் கொடுப்பவர்களையும் கதையில் மன்னிப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அவர்கள் என்ன செய்தார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இங்கே நடந்ததே இல்லை என்கிறார்கள், நான் எதை மன்னிப்பது? எங்கள் ஆச்சிகூடப் போணி திரும்பி வந்த பிறகுதான் அதை விளக்கினாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தத் திண்ணைக் காட்சியை எடுத்துவிடட்டும். இல்லை, அது இல்லாமல் கதை நிற்காது என்றால், எங்கிருந்து எடுத்தது என்று மேலே ஒரு வரி போடட்டும். நந்தினி அழட்டும், மன்னிக்கட்டும், காசிக்கே போகட்டும், அது எழுதுகிறவர் இஷ்டம். சமாதானம் பேச இன்பாக்ஸுக்கு வருகிறவர்கள் இரண்டு கதையையும் படித்துவிட்டு வாருங்கள். படிக்காமல் வருகிறவர்களுக்குப் பதில் போடப் போவதில்லை.